ஓடி வந்த காலிக் கல்

மலையடிவாரத்தில் ஒரு குளம். அதன் ஒரு பக்கம் செங்குத்தான பாறை. பாறையில், தண்ணீருக்குச் சற்று மேலே, நாற்பது கற்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. நாற்பது கல்லிலும் நாற்பது தவளைகள் குடியிருந்தன.

ஒவ்வொரு கல்லிலும் உள்ளங்கை அளவு குழி உண்டு. அதில் மழைத் தண்ணீர் தேங்கும். ஒரு தவளை அதில் உட்காரலாம், முட்டையிடலாம். இரண்டாவது தவளைக்கு இடம் கிடையாது. "ஒரு கல்லுக்கு ஒரு தவளை" என்பது அங்கே சட்டம். நெருக்கியடித்தால் ஒன்று வழுக்கி விழும். கீழே விரால் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. அதனால் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதே இல்லை.

மேலே இன்னொரு கல்வரிசையும் இருந்தது. அது எப்போதும் காலி. இரண்டு வரிசைக்கும் நடுவில் வழவழப்பான பாறை. பாதி வழியில் கால் வைக்க ஒரு வெடிப்புகூட இல்லை. தாவினால் ஒரே தாவாகத் தாவ வேண்டும்.

"அங்கே குழியும் இல்லை, தண்ணியும் இல்லை. யாருக்கு வேணும்?" என்று தவளைகள் சொல்லிக்கொள்ளும். எட்டாத பழம் புளிக்கத்தானே செய்யும்!

கார்த்திகை மாதம். ஒரு குளிர்ந்த விடியற்காலையில் பச்சையாயி என்ற தவளை தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்து சேர்ந்தது. வயிறு நிறைய முட்டை. கால்களெல்லாம் வீங்கியிருந்தன.

"அண்ணே! எங்க செம்புக்குளம் கரை உடைஞ்சு போச்சு. தண்ணியெல்லாம் வயலுக்குப் போயிடுச்சு. எனக்கு ஒரு கல்லு குடுங்கண்ணே!" என்று கெஞ்சியது.

கரைக்குப் பக்கத்தில் இருந்த முதல் கல்லில் கடுக்கன் என்ற தவளை உட்கார்ந்திருந்தது. நல்ல தவளைதான். பச்சையாயியைப் பார்த்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, தாயி! நான் நகர்றதுக்குத் தயார். ஆனா பக்கத்துக் கல்லுல ஆள் இருக்கே! கொஞ்சம் பொறு, கேட்டுப் பார்க்கிறேன்" என்றது.

"கொஞ்சம் நகருங்கப்பா!" என்று ரெண்டாம் கல்லிடம் சொன்னது. ரெண்டாம் கல் மூன்றாம் கல்லிடம் சொன்னது. அப்படியே நாற்பதாம் கல் வரை அந்தச் சொல் போனது. போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது.

"எல்லாருக்கும் சம்மதமாம். ஆனா எங்கே நகர்றதுன்னு கேக்கறாங்க!" என்றது கடுக்கன்.

அப்போது கரையின் பனைமர வேரடியில் ஏதோ அசைந்தது. ஒரு சாரைப்பாம்பு! குளிரில் அது கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. நாக்கு மட்டும்தான் நெளிந்தது.

"வா தாயி, வா! காலு மரத்துப் போச்சு... எனக்குக் காலே இல்லைங்கறது வேற விஷயம். வெயில் கொஞ்சம் ஏறட்டும், உன்கிட்ட வந்துடறேன்!" என்றது. பாம்புக்கும் குசும்பு உண்டு.

பச்சையாயி திரும்பிப் பார்த்தது. பின்னால் பாம்பு, முன்னால் விரால் மீன்கள். ஓடலாமென்றால் காலில் தெம்பு இல்லை. ராத்திரி முழுக்க நடந்த நடையில் அது போய்விட்டது.

"ஏதாவது செய்யுங்க!" என்று அலறியது கடுக்கன். "ஆளுக்கு ஆள் இடம் மாத்திக்கலாம்! அப்போ எல்லாரும் நகர்ந்த மாதிரி ஆகும்ல?"

என்ன அருமையான யோசனை! கடுக்கன் ரெண்டாம் கல்லுக்குப் போனது, ரெண்டாம் கல்காரர் முதல் கல்லுக்கு வந்தார். மூன்றும் நான்கும் மாறின. ஐந்தும் ஆறும் மாறின. நாற்பது தவளைகளும் தொப் தொப்பென்று குதித்து, மூச்சு வாங்கி, களைத்துப்போய் உட்கார்ந்தன.

"அப்பாடா, நகர்ந்துட்டோம்!" என்றன.

பச்சையாயி கரையிலேயே நின்றது. ஒரு கல்கூடக் காலியாகவில்லை. முன்னே ராமன் இருந்த இடத்தில் இப்போது லட்சுமணன், அவ்வளவுதான். பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாம் அவரவர் கல்லுக்கே திரும்பி வந்தன.

"எங்க குளத்துல பாதிக் கல்லு எப்பவும் காலியா கிடக்கும். யார் வேணா எங்க வேணா ஓடலாம். இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததே இல்லை" என்று பச்சையாயி அழுதது.

பத்தொன்பதாம் கல்லில் இருந்தது தொந்தியப்பன். அந்த வரிசையிலேயே பருத்த தவளை, அந்த வரிசையிலேயே சிறந்த கல். மலை இடுக்கு வழியாக வரும் முதல் வெயில் அந்தக் கல்லில்தான் விழும். "மத்தவங்க விறைச்சுக் கிடக்கறப்போ நான் வெயில் காயறேன்!" என்று தினமும் பீற்றிக்கொள்ளும்.

அன்றும் வெயில் வந்தது. தொந்தியப்பனின் முதுகு சூடேறியது. அடுத்து வெயில் கரையில் விழும் என்று அதற்குத் தெரியும். அப்போது பாம்புக்கும் சூடு ஏறும்.

தொந்தியப்பன் தன் குழியைப் பார்த்தது. எத்தனை வருஷம் உட்கார்ந்த குழி! பிறகு மேல்வரிசையைப் பார்த்தது. பிறகு பச்சையாயியின் வயிற்றைப் பார்த்தது.

"தொந்தியண்ணே, வேணாம்! உங்க உடம்புக்கு ஆகாது!" என்றது இருபதாம் கல்.

"இந்த வரிசையில உடம்புல சூடு ஏறினவன் நான் ஒருத்தன்தான்டா!"

தாவியது. பாதி வழி போய், பிடி கிடைக்காமல் வழுக்கித் தன் கல்லிலேயே பொத்தென்று விழுந்தது. விரால்கள் சிரித்தன. கரையில் வெயில் விழுந்தது. சாரையின் வால் நெளிந்தது.

தொந்தியப்பன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் வெயிலை வாங்கியது. மறுபடி தாவியது. முன்காலின் நுனி மேல்கல்லில் பட்டது. தொந்தி பாறையில் உரச, காற்றை உதைத்து உதைத்து மேலே ஏறிவிட்டது!

பத்தொன்பதாம் கல் காலி.

பதினெட்டாம் தவளை அங்கே குதித்தது. அதன் கல்லுக்குப் பதினேழு குதித்தது. அதன் கல்லுக்குப் பதினாறு. குளிரில் விறைத்த கால்கள்தான், ஆனால் பக்கத்துக் கல்லுக்கு ஒரு சின்னக் குதிப்புக்கு அவை போதும். தொப்! தொப்! தொப்! தவளைகள் ஆளுக்கு ஒரு கல் அந்தப் பக்கம் போக, காலி இடம் இந்தப் பக்கம் வந்தது. கரையிலிருந்து பார்த்த பச்சையாயிக்கு, காலிக் கல்லே தன்னைத் தேடி ஓடி வருவதுபோல் இருந்தது.

கடுக்கன் ரெண்டாம் கல்லுக்குத் தாவியது. "தாயி, வா!" என்று கத்தியது.

பச்சையாயி முதல் கல்லில் விழவும், சாரையின் வாய் கரைச் சேற்றில் மோதவும் சரியாக இருந்தது.

"தூ!" என்றது பாம்பு.

"மேலே எப்படிண்ணே இருக்கு?" என்று கீழே இருந்து எல்லாம் கேட்டன.

"ஒரே வறட்சிடா! ஆனா தடுக்க ஆளே இல்லை!" என்றது தொந்தியப்பன். மேல்வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தொந்தி குலுங்க ஓடியது. அந்தக் கோடியைத் தாண்டி ஒரு சுனை இருப்பதை அன்றுதான் ஒரு தவளை முதன்முதலாகப் பார்த்தது.

குழந்தைகளே, இது தவளைகளின் கதை மட்டும் இல்லை. செம்புக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் என்னும் மின்துகள்களின் வரிசையில் எப்போதும் காலி இடம் உண்டு, அதனால் மின்சாரம் தாராளமாக ஓடுகிறது. கண்ணாடியில் கீழ்வரிசை நிரம்பிக் கிடக்கிறது, மேல்வரிசையோ எட்டவே எட்டாத உயரம். அதனால் அங்கே ஓட்டம் இல்லை. கணினிச் சில்லு செய்யும் சிலிக்கானில் மேல்வரிசை கொஞ்சம் எட்டும் உயரம். சூடு பட்டால் ஒன்றிரண்டு தாவும். தாவியது மேல்வரிசையில் ஓடும், அது விட்டுப்போன இடம் கீழ்வரிசையில் ஓடும்; இரண்டாலும் கொஞ்சம் மின்சாரம் ஓடும்.

பச்சையாயியின் முட்டைகள் பொரிந்தன. தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்து, வால் சுருங்கி மறைந்தது. முதல் கல்லிலும் வெயில் ஏறியதும் அவை ஒவ்வொன்றாக மேல்வரிசைக்குத் தாவி, "தொந்தி மாமா!" என்று கூவிக்கொண்டு சுனைக்கு ஓடின. தொந்தியப்பன் அங்கே அவற்றுக்கு இடம் விட்டு, சற்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

நிரம்பிய வரிசையில் நாற்பது பேரின் நல்ல மனசு நகர்த்தாததை, ஒருவர் விட்டுக்கொடுத்த இடம் நகர்த்திவிடும்.