நரி குத்திய சிவப்புத் தடம்

மழைக்குப் பேர்போன ஒரு காட்டில், எழுதப் படிக்கத் தெரிந்த விலங்குகள் இருந்தன. சிரிக்காதீர்கள் பிள்ளைகளா, கேளுங்கள்.

அந்தக் காட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்தால், முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளை எடுத்துப் பனை ஓலையில் கீறி எழுத வேண்டும். வேறு இரண்டு பேர் அந்த மருந்தைச் செய்து பார்த்து, "ஆமாம், குணமாகிறது" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஓலையை ஆற்றங்கரை மருத மரத்தில் கட்டித் தொங்கவிடலாம்.

யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். எழுதியவருக்கும் கூலி கிடையாது, செய்து பார்த்தவருக்கும் கூலி கிடையாது. இன்று நான் எழுதியதை நீ படிக்கிறாய், நாளை நீ எழுதியதை நான் படிப்பேன். அவ்வளவுதான்.

அந்த மரத்தடியில் யானை வாத்தியார் வைத்தியப் பள்ளி நடத்தினார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தால் ஒரு வருஷப் படிப்பு.

ஒரு வருஷம் அடைமழை பிடித்தது. ஓலைகள் நனைந்தன, பிறகு கரையான் ஏறியது. கீரி எழுதிய பாம்புக்கடி ஓலையில், "பாம்பு கடித்தால் உடனே" என்பது வரை மிச்சம் இருந்தது. உடனே என்ன செய்ய வேண்டும் என்பதைக் கரையான் தின்றுவிட்டது.

எல்லோரும் கவலையோடு நின்றபோது, நரி மெதுவாக வந்தது.

"என் குகை நன்றாகக் காய்ந்து கிடக்கிறது. ஓலைகளை அங்கே கொண்டுவந்து வையுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது.

"உனக்கு என்ன லாபம்?" என்று கேட்டது கீரி. கீரிக்கு எப்போதுமே சந்தேகம்தான்.

"லாபமா? எனக்கா? படிக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு நாவல் பழம் கொடுங்கள், போதும். குகையைப் பெருக்கினால் விளக்குமாறு தேயும் அல்லவா?"

ஒரு பழம்தானே என்று எல்லோரும் சம்மதித்தார்கள்.

நரி ஒவ்வொரு ஓலையையும் வாங்கி வைக்கும்போது, காலைச் செம்மண் குழம்பில் முக்கி, ஓலையின் மூலையில் ஒரு குத்து குத்தியது. சிவப்பாக ஒரு தடம் விழுந்தது.

"இது எதற்கு?" என்றது கீரி.

"தொலைந்து போகாமல் இருக்க" என்றது நரி.

இந்த இடத்தில்தான் யானை வாத்தியார் ஒரு தப்புச் செய்தார். அவர் நல்லவர்தான். ஆனால் படிப்பதென்றால் சோம்பல். எண்ணுவதென்றால் கொள்ளை ஆசை.

பள்ளிக்குத் துணை வாத்தியார் ஒருவர் தேவைப்பட்டார். மயிலும் கரடியும் வந்து நின்றார்கள். இரண்டு பேருடைய ஓலைகளையும் படித்துப் பார்த்தால் யார் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடும். வாத்தியாருக்கு அதற்குப் பொறுமை இல்லை. சிவப்புத் தடங்களை எண்ணினார்.

"மயிலுக்கு ஒன்பது. கரடிக்கு நாலு. மயிலுக்கே வேலை!"

மயில் ஒரே ஒரு மருந்தை ஒன்பது ஓலையாகப் பிரித்து எழுதியிருந்தது. முதல் ஓலையில் வேர், இரண்டாவது ஓலையில் வேரைக் கழுவுவது, மூன்றாவதில் கழுவிய வேரைத் துடைப்பது. இப்படியே ஒன்பது.

அன்றிலிருந்து காட்டில் எல்லோருக்கும் சிவப்புத் தடம் வேண்டும் என்று ஆகிவிட்டது. தடம் இருந்தால்தான் வேலை, தடம் இருந்தால்தான் மரியாதை.

நரி சும்மா இருக்குமா? படிக்க ஒரு பழம் என்றது ஐந்து பழமாகி, பிறகு ஒரு கூடையானது. தடம் குத்துவதற்கும் ஒரு கூடை என்றது. அப்புறம், "ஒற்றை ஓலை கொடுப்பதில்லை. கட்டாக வாங்கினால் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டது. பல்வலிக்கு ஓர் ஓலை கேட்டுப் போன அணில், காக்கா கூடு கட்டும் விதம் பற்றிய பதினோரு ஓலைகளையும் சேர்த்துச் சுமந்து வந்தது.

பள்ளிக்கும் அதே கட்டுகள் வேண்டுமே. அதனால் பள்ளிச் சம்பளமும் ஏறியது. ஒரு சீப்பு வாழைப்பழம் ஒரு தாராகி, நாலு தாராகி நின்றது. அணிலின் மகன் பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டுக் கொட்டை பொறுக்கப் போய்விட்டான்.

அந்தக் காட்டில் வெள்ளச்சி என்று ஒரு தாய் முயல் இருந்தது. அதன் மகள் தும்பை வைத்தியப் பள்ளியில் கடைசி வருஷம் படித்தது. ஒரு நாள் தும்பை காதுகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

"அம்மா, பத்து நாளில் தேர்வாம். 'தலைவலிக் கட்டு' கையில் இல்லாதவர்கள் தேர்வில் உட்காரக் கூடாதாம். அதற்கு ஆறு கூடைப் பழம்."

வெள்ளச்சி வளைக்குள் எட்டிப் பார்த்தது. மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்தது இரண்டு கூடைதான்.

"எந்த ஓலையடி அந்தக் கட்டில் முக்கியம்?"

"நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பது."

வெள்ளச்சி வாய்விட்டுச் சிரித்தது. "அடியே, அதை எழுதியதே நான்தான்! நீ பிறப்பதற்கு முந்தின மாதம், வயிற்றைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டு எழுதினேன்."

"அப்படியானால் நீயே போய்க் கேளேன் அம்மா."

வெள்ளச்சி குகைக்குப் போனது.

"வாருங்கள் வெள்ளச்சியம்மா! எத்தனை கட்டு வேண்டும்?" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றது நரி.

"நான் எழுதிய நொச்சி ஓலையை ஒரு தடவை கொடு. மகள் பார்த்துவிட்டுத் தருவாள்."

"ஆறு கூடை."

"நான் எழுதியதப்பா அது!"

"எழுதியது நீங்கள்தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஓலை என்னுடையது."

"சரிபார்த்தது கீரியும் முள்ளம்பன்றியும். முள் கொடுத்ததும் முள்ளம்பன்றி. ஓலை பனைமரத்தினுடையது. நீ என்ன செய்தாய்?"

"தடம் குத்தினேனே" என்றது நரி.

வெள்ளச்சி நேரே வீட்டுக்கு வந்தது. அன்றைக்கே புது ஓலை ஒன்றில் அதே வைத்தியத்தை எழுதியது. கீரியும் முள்ளம்பன்றியும் மறுபடியும் செய்து பார்த்து, சரி என்றார்கள். தூக்கணாங்குருவியிடம் சொல்லி, மழை இறங்காத பை ஒன்று பின்னி வாங்கியது. கரையான் அண்டாமல் ஓலை முழுக்க வசம்பைத் தேய்த்தது. பைக்குள் ஓலையை வைத்து எடுத்துக்கொண்டு, தும்பையோடு யானை வாத்தியாரிடம் போனது.

யானை வாத்தியார் நெற்றியைத் தும்பிக்கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெயிலில் உட்கார்ந்து வருஷக் கணக்குக்குத் தடங்களை எண்ணியதில் அவருக்கு நான்கு நாளாகத் தலைவலி.

"ஓலை இருக்கட்டும். தடம் எங்கே?" என்றார்.

"தடம் இல்லை ஐயா. படித்துப் பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கிறது."

"தடம் இல்லாத ஓலையை நான் தொடுவதில்லை. ஐயோ, தலை! நீ போ அம்மா, சத்தம் போடாதே."

திரும்பும் வழியில் தும்பைக்கு அழுகை வந்தது. "விடு அம்மா. நானும் கொட்டை பொறுக்கப் போகிறேன்."

"முயலுக்குக் கொட்டை எதற்கடி? மூக்கைத் துடை" என்றது வெள்ளச்சி.

எதிரே கீரி வந்தது. வெள்ளச்சி அதை நிறுத்தி, "அண்ணே, நரி கடைசியாக உங்களை எப்போது சரிபார்க்கக் கூப்பிட்டது?" என்று கேட்டது.

"என்னையா? இரண்டு மழைக்காலம் ஆகிறது. முள்ளம்பன்றியையும் கூப்பிடவில்லை."

"அப்படியானால் புதிதாக வருகிற ஓலைகளை யார்தான் படிக்கிறார்கள்?"

கீரி தலையைச் சொறிந்தது. "யாரும் படிப்பதாகத் தெரியவில்லையே!"

வெள்ளச்சியின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன.

மறுநாள் காலையில் அது ஒரு புதிய ஓலையோடும், இருந்த இரண்டு கூடையில் ஒரு கூடைப் பழத்தோடும் குகைக்குப் போனது. நரி பழத்தை எண்ணியது. அழுகல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. ஓலையை மட்டும் பார்க்கவே இல்லை. காலைச் செம்மண்ணில் முக்கி, ஒரு குத்து. வேலை முடிந்தது.

தேர்வு நாள் வந்தது. மருத மரத்தடியில் மாணவர்கள் கட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நரியும் ஓரமாக உட்கார்ந்து, மறந்து வந்தவர்களுக்குக் கட்டு விற்றுக்கொண்டிருந்தது. யானை வாத்தியாருக்குத் தலைவலி இன்னும் விடவில்லை.

வெள்ளச்சி தும்பையையும் இரண்டு குரங்குகளையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"ஐயா, உங்கள் தலைவலிக்கு என் மகள் வைத்தியம் செய்வாள். இரண்டு ஓலை வைத்திருக்கிறோம். ஒன்றில் தடம் இல்லை, ஒன்றில் இருக்கிறது. எதன்படி செய்யட்டும்?"

"இது என்ன கேள்வி? தடம் உள்ள ஓலைப்படிதான்!"

"யோசித்துச் சொல்லுங்கள் ஐயா."

"யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? செய்யச் சொல்!"

"சரி. தும்பை, சத்தமாகப் படி."

தும்பை ஓலையைப் பிரித்துப் படித்தது. "யானைக்குத் தலைவலி வந்தால், அதன் தும்பிக்கையில் மூன்று முடிச்சுப் போடவும். முடிச்சுக்கு ஓர் எறும்பு வீதம் உள்ளே விடவும். பிறகு வாலைக் கிளையில் கட்டி, சாயங்காலம் வரை தலைகீழாகத் தொங்கவிடவும்."

குரங்குகள் இரண்டும் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தன. ஒன்று தும்பிக்கையைப் பிடித்தது. இன்னொன்று வாலைப் பிடித்தது.

"விடுங்கள்! விடுங்களடா!" யானை வாத்தியார் துள்ளி எழுந்தார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எந்த மடையன் எழுதியது இது?"

"நான்தான் ஐயா" என்றது வெள்ளச்சி. "மூலையைப் பாருங்கள், சிவப்புத் தடம் இருக்கிறது. ஒரு கூடைப் பழம் கொடுத்து வாங்கினேன்."

யானை வாத்தியார் ஓலையை வாங்கினார். வெகு நாளைக்குப் பிறகு, ஓர் ஓலையை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு நரியைப் பார்த்தார்.

"நீ இதைப் படிக்கவே இல்லையா?"

"படிப்பேன் என்று நான் எப்போது சொன்னேன்?" என்றது நரி. "தடம் குத்துவேன் என்றுதான் சொன்னேன். தடத்தை எண்ணியது நீங்கள்தானே?"

நரி சொன்னது உண்மைதான்.

யானை வாத்தியார் மெதுவாக உட்கார்ந்து, "இன்னொரு ஓலையைக் கொடு அம்மா" என்றார். தடம் இல்லாத அந்த ஓலையையும் முழுதாகப் படித்தார். "இதைச் செய்" என்று தும்பையிடம் சொன்னார்.

தும்பை நொச்சி இலையை வதக்கி, பதமான சூட்டில் அவர் நெற்றியில் ஒத்தி எடுத்தது. ஒத்தடம் கொடுத்தபடியே, எத்தனை இலை, எவ்வளவு நேரம், ஏன் சூடு மிஞ்சக் கூடாது என்று அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது.

கொஞ்ச நேரத்தில் யானை வாத்தியார் கண்ணை மூடி, "அப்பாடா!" என்றார்.

"தேர்வு ஐயா?" என்றது தும்பை.

"அதுதான் முடிந்துவிட்டதே. நீ தேறிவிட்டாய், பெண்ணே."

வெள்ளச்சி தான் எழுதிய தும்பிக்கை ஓலையை வாங்கிச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டது. விளையாட்டுக்கு எழுதியது யார் கையிலாவது சிக்கிவிடக் கூடாது அல்லவா? குரங்குகளுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அதன் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் அவரவர் ஓலையை மறுபடியும் எழுதினார்கள். கீரி தன் ஓலையில், பாம்பு கடித்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரிதாக எழுதியது. மயில் ஒன்பது ஓலையையும் ஒன்றாக்கியபோது, அரை ஓலைதான் வந்தது. தூக்கணாங்குருவி பை பின்னிப் பின்னித் தொங்கவிட, மருத மரம் காய்த்துக் குலுங்குவது போல் இருந்தது. பள்ளிச் சம்பளம் பழையபடி ஒரு சீப்புக்கு இறங்கியது. அணிலின் மகன் கொட்டைப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

குகைக்கு யாரும் போகவில்லை. ஒரு நாள் நரியே மருத மரத்தடிக்கு வந்தது. உடம்பெல்லாம் சொறி.

"வைத்தியரம்மா, சொறிக்கு ஓலை இருக்கிறதா?" என்று தும்பையிடம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை கூடை?" என்றது.

"மூன்றாவது கிளையில் இருக்கிறது. படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்" என்றது தும்பை. "ஓலையில் தடம் குத்தாமல் இருந்தால் போதும்."

நீதி: மேலே குத்திய முத்திரையை எண்ணாமல், உள்ளே எழுதியதைப் படித்துப் பார்க்கிற இடத்தில், அறிவைப் பூட்டி வைத்து யாரும் விலை ஏற்ற முடியாது.