கிடங்கின் மேல்தட்டு

துறைமுகத்தில் கிடங்கு வைத்திருந்த தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தைந்து வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட துறவி உமையாளோ பத்து வயது இளையவர். ஊர் சிரித்தது. வேறு வேலை இல்லாத ஊர், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

போன ஐப்பசிப் புயலில் கிடங்குக்குள் கடல்நீர் இடுப்பளவு ஏறியது. அதன்பின் வியாபாரிகள் ஒவ்வொருவராக வடக்கே இருந்த துறைமுகத்துக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சியவர் கொத்தமல்லி ஏற்றுமதி செய்யும் ராவுத்தர் ஒருவர்தான். புயலன்று அவர் சரக்கு உள்ளே இல்லை. அவரும் போனால் கிடங்கைப் பூட்டவேண்டியதுதான்.

"புயலுக்கு அப்புறம் துறைமுகம் மறுபடி திறந்து வருஷமாகப் போகுதும்மா. தூர் வாரியாச்சு, கப்பலும் வருது. நான் புதுக் கூரை போட்டேன், சுவரை உசத்தினேன். என் வியாபாரிங்க மட்டும் ஏன் திரும்பி வரலை?"

"கிடங்கைக் காட்டும்," என்றார் உமையாள்.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது துறைமுகக் கம்பத்தில் புயல் கூண்டு ஏறிக்கொண்டிருந்தது. கிடங்கில் அதற்குள் ஓட்டமும் நடையுமாக மூட்டைகள் பலகைத் தட்டுக்கு ஏறின. எல்லாம் சிவப்புக் குறி போட்டவை. நீலக் குறி மூட்டைகள் தரையிலேயே கிடந்தன.

உமையாள் மேஸ்திரியை நிறுத்தினார். "நீலம் யாருடையது?"

"ராவுத்தரோடதும்மா. சிவப்பு முதலாளியோடது. அதை ஏத்திட்டு, நேரம் இருந்தா மத்தது."

"போன புயலில் நேரம் இருந்ததா?"

"நல்லாக் கேட்டீங்க! சிவப்பு முடியுமுன்ன தண்ணி வந்துட்டுல்லா."

"இன்றைக்கு இவரா ஏற்றச் சொன்னார்?"

"இதை வேற சொல்லணுமாக்கும்? எப்பவும் செய்யறதுதானே."

மேஸ்திரி அடுத்த மூட்டைக்கு ஓடினார். தில்லைநாயகம் தொண்டையைச் செருமினார்.

"எல்லாக் கிடங்கிலும் இதுதான் வழக்கம்மா. அவங்கவங்க சரக்கை அவங்கவங்க முதல்ல காப்பாத்துவாங்க. இதில் என்ன தப்பு?"

"தப்பு என்று நான் சொன்னேனா?"

வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. கூண்டு ஏறியதைக் கேள்விப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி ராவுத்தர் இறங்கிக்கொண்டிருந்தார். தில்லைநாயகத்தின் கண் தரையில் கிடந்த நீல மூட்டைகளுக்குப் போனது.

"அம்மா, இப்போ நான் என்ன செய்ய?"

"ஏன் பதறுகிறீர்? வழக்கம்தானே. எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லும்."