மூன்று உபதேசம் வாங்கிய அளகேசன்

கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். மலைக்கு மேற்கே மிளகும் மலைக்குக் கிழக்கே நெல்லும் விளைந்த காலம் அது. இரண்டுக்கும் நடுவே பொதிமாடுகள் நடந்ததால்தான் ஊர்கள் பிழைத்தன. அந்தக் காலத்தில் வெண்குன்றூரில் அளகேசன் என்றொரு வணிகன் இருந்தான்.

அவனிடம் மாடு இருந்தது, மூட்டை இருந்தது, மாடி வீடு இருந்தது. ஆள் மட்டும் நிற்கவில்லை. மாட்டை ஓட்ட வந்தவன் ஒரு நடை போய் வருவான். மறுநடைக்குக் கூப்பிட்டால் இருக்கமாட்டான். அளகேசன் வாயைத் திறந்தால் வசவு. கையைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அதே ஊரில் கோதைநங்கை என்றொரு பெண்ணும் வணிகம் செய்தாள். கணவன் இறந்தபின் அவனுடைய மாடுகளைத் தானே நடத்தினாள். மாடுகள் கிழடு, மூட்டைகள் ஒட்டுப்போட்டவை. ஆனாலும் அவளிடம் சேர்ந்தவன் விலகியதில்லை. கால் தளர்ந்தால் தன் மகனைக் கொண்டுவந்து விடுவான்.

அளகேசனுக்கு வயிறு எரிந்தது. "இவள் அப்படி என்ன மருந்து வைத்திருக்கிறாள்?" என்று ஊரெல்லாம் விசாரித்தான். அமாவாசைதோறும் மலைக்குகையில் இருக்கும் துறவியைப் பார்க்கப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

"அப்படியா சேதி! உபதேசம் வாங்குகிறாளா?"

மறுநாளே அளகேசன் கிளம்பினான். பாதை அகலமாக இருந்தவரை பல்லக்கில் போனான். பாதை குறுகியதும் ஓர் ஆளின் முதுகில் ஏறிக்கொண்டான்.

"சாமி, என் ஆட்கள் ஓடாமல் நிற்க ஒரு வழி சொல்ல வேண்டும். நாளைக்குச் சந்தை. சுருக்கமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்."

துறவி அவனைப் பார்த்தார். அவனைச் சுமந்து வந்து மூச்சு வாங்க நின்றவனையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"உணவைக் குறை. நாவை அடக்கு. பற்றை விடு."

யார் குறைப்பது, யார் அடக்குவது, யார் விடுவது என்று அளகேசன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆட்களைக் கூட்டினான். முதல் உபதேசப்படி, அவர்களுடைய மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளை ஆக்கினான். "வயிறு காய்ந்தால் மனம் தெளியும்" என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய் நெய்ச்சோறு உண்டான். உபதேசம் செய்தால் பசிக்கும் அல்லவா!

இரண்டாம் உபதேசப்படி, அவர்கள் வாயை அடைத்தான். மாட்டுக்கு லாடம் தேய்ந்துவிட்டது என்று ஒருவன் வந்தான். "மௌனம்!" என்றான். மூட்டை கனம் தாங்கவில்லை என்று இன்னொருவன் வந்தான். "மௌனம்!" என்றான். பூதன் என்ற இளைஞன் வந்து, "எசமான், தூரத்தில் தாய்வீடு போன மனைவிக்குப் பிரசவம். ஒரு நடைக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள்" என்று கும்பிட்டான். அவனுக்கும் அதே மௌனம்தான் கிடைத்தது; அதற்குப் பிறகும் ஒருமுறைகூட அவனைப் போக விடவில்லை.

மூன்றாம் உபதேசப்படி, அறுவடைத் திருநாளில் கொடுத்துவந்த வேட்டியை நிறுத்தினான். "வேட்டிமேல் பற்று வைத்தவன் வினையை எப்படி அறுப்பான்?" என்று கேட்டான். அப்போது அவன் தோளில் கிடந்தது பட்டுச் சால்வை.

ஆட்கள் ஓடினார்களா? இல்லை. அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. எட்டூரிலும் வேலை இல்லை. ஓடினால் எங்கே ஓடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அளகேசனோ உபதேசம் பலித்துவிட்டது என்று பூரித்தான்.

சேதி பரவியது. மற்ற வணிகர்கள் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்தார்கள். அளகேசன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, புலித்தோல்மேல் அமர்ந்து, ஆட்களை ஆளும் ஞானத்தை அவர்களுக்குப் போதித்தான். அரசனே அழைத்து 'ஞான வணிகன்' என்று பட்டம் கட்டினான். கட்டாமல் என்ன செய்வான்? அரசனுக்கும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் மூன்று வேளை பசித்தது.

மறுவருடம் மழை வந்தது. மலைக்கு மேற்கே இருந்த சீமையிலிருந்து அளகேசனுக்கு அழைப்பும் வந்தது. அங்கேயும் வந்து உபதேசிக்க வேண்டுமாம். நெல் மூட்டைகளோடு தானும் கிளம்பினான். மாடுகள் முன்னே போக, நான்கு பேர் சுமந்த டோலியில் அவன் பின்னே போனான்.

கணவாயின் உச்சியில் மழையில் ஊறிய பாறை ஒன்று சரிந்தது. மாட்டைத் தள்ளிக் காப்பாற்றிய பூதன் பாறையின் அடியில் சிக்கினான். பாறையைப் புரட்டிப் பார்த்தபோது தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. ரத்தம் நிற்கவில்லை.

மாட்டுக்காரர்களில் மூத்தவன் காரி. அவன் டோலியருகே ஓடிவந்தான்.

"எசமான், நீங்கள் கொஞ்சம் இறங்கி நடந்தால் பூதனை இதில் கிடத்திக் கீழே கொண்டுபோய்விடலாம். அடிவாரத்தில் வைத்தியர் இருக்கிறார். உடனே போனால் பிழைப்பான்."

அளகேசன் பாதையைப் பார்த்தான். ஒரே சேறு, கல், அட்டை. கண்ணை மூடிக்கொண்டான்.

"காரி, உடல் என்பது வாடகை வீடு. கூரை ஒழுகுகிறது என்று குடியிருப்பவன் அழலாமா?"

பூதன் கிடந்தபடியே தலையைத் தூக்கினான். "எசமான், என் பிள்ளை முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை."

"அதைத்தான் பற்று என்கிறோம்" என்றான் அளகேசன்.

காரி தன் ஆட்களைப் பார்த்தான். அவர்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையில் காறித் துப்பினான்.

"இறக்குங்கடா" என்றான்.

நால்வரும் டோலியை இறக்கினார்கள். அளகேசன் இறங்கவில்லை. அவர்கள் டோலியைச் சாய்த்தார்கள். ஞான வணிகன் புலித்தோலோடு சேற்றில் உருண்டான். பூதனைத் தூக்கி டோலியில் கிடத்தினார்கள். தலைப்பாகைத் துணியால் காலை இறுக்கிக் கட்டினார்கள். மாடுகளையும் திருப்பினார்கள்.

"மாடும் நெல்லும் உங்கள் வீடு போய்ச் சேரும். எங்களைத் தேட வேண்டாம்" என்று காரி சொல்லிவிட்டு நடந்தான்.

அளகேசன் முதலில் மிரட்டினான். பிறகு கெஞ்சினான். கடைசியில் ஆளுக்கு இரண்டு வேட்டி தருவதாகக் கத்தினான். மலை அதைத் திருப்பிச் சொன்னதே தவிர, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே நடந்து பார்த்தான். பழக்கமில்லாத கால், பத்தடியில் வழுக்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த வழியாகக் கோதைநங்கை தன் மாடுகளோடும் ஆட்களோடும் ஏறிவந்தாள். முழங்கால்வரை சேறு. அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"வழியில் உங்கள் ஆட்களைப் பார்த்தேன் அண்ணா" என்றாள்.

பூதன் உயிரோடு இருக்கிறானா என்று அவன் கேட்கவில்லை. "அந்தச் சாமியார் என்னை ஏமாற்றிவிட்டார். உனக்கு ஏதோ வேறு உபதேசம் செய்திருக்கிறார். அதைச் சொல்" என்றான்.

கோதைநங்கை சிரித்துவிட்டாள். "உபதேசமா? அவருக்குப் பல் ஒன்றுகூட இல்லை. மலைப்பக்கம் சமைத்துப்போட ஆளும் இல்லை. குழையக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோவேன். குடித்துவிட்டுத் தூங்கிவிடுவார். உப்புக் கூடிற்று, குறைந்தது, அதற்குமேல் நாங்கள் பேசியதே இல்லை."

அளகேசன் நெடுநேரம் யோசித்தான். பிறகு கேட்டான்:

"அது அரிசிக் கஞ்சியா, கேழ்வரகுக் கஞ்சியா?"

அவள் மாட்டைத் தட்டி ஓட்டினாள். "எழுந்து நடங்கள்" என்றாள். எல்லாரோடும் சேர்ந்து அவனும் நடந்தான்.

பூதன் பிழைத்தான். ஒரு கால் குட்டையாகிப்போனது. ஆனாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். அவனும் காரியும் மற்றவர்களும் கோதைநங்கையிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். அளகேசனின் மாடுகள் அவிழ்க்க ஆளில்லாமல் கொட்டிலில் நின்று கத்தின. ஊரார் பொறுக்காமல் அவிழ்த்து ஓட்டிப்போனார்கள்.

அளகேசன் திரும்பி வரவே இல்லை. மேற்குச் சீமையில் காலில் இருந்த கொப்புளங்களைக் காட்டி, வெறுங்காலோடு மலை கடந்து தவம் செய்தேன் என்றான். அங்கிருந்த வணிகர்கள் அந்தக் காலில் விழுந்து கும்பிட்டு, தங்கள் ஆட்கள் ஓடாமல் நிற்க ஒரு வழி கேட்டார்கள்.

ஆகவே, கேட்டவர்கள் மனத்தில் வையுங்கள்: தன் நோய்க்குத் தந்த மருந்தை அடுத்தவன் வாயில் ஊற்றுகிறவனுக்கு நோயும் தீராது, பக்கத்தில் ஆளும் நிற்காது.