ஸ்ட்ரைக் பண்ணினவர் பெயர்

முதலில் எஸ்டேட்காரர்கள் மழைக்குக் கொடுத்துவந்த கம்பளியை நிறுத்தினார்கள். பிறகு, வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் கொட்டகையைப் பூட்டினார்கள். மூன்றாவதாக, அதைத் திறக்கச் சொன்ன பிள்ளைத்தாய்ச்சி பேச்சியை மேனேஜர் பிரம்பால் அடித்தார். கேட்க நாதியில்லை. மறுநாள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் கொழுந்து கிள்ளவில்லை.

அன்று மதியமே மேனேஜர், சர்க்கார் தொழிலாளர் ஆபீசரைச் சாட்சிக்கு உட்காரவைத்து, கொழுந்து கிள்ளுபவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த அங்கம்மாளைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார். போலீஸ் சுற்றி நின்றது.

"ஸ்ட்ரைக் பண்ணினவங்க பொழுது சாயறதுக்குள்ள எஸ்டேட்டை விட்டுப் போகணும்னு நோட்டீஸ் ஒட்டியாச்சு. யார் யார்னு எழுதி, சத்தமாப் படி. எழுதினா உன் குடும்பத்தை விட்டுடறேன்; இல்லேன்னா அதுதான் போகும்," என்றார் மேனேஜர்.

எழுதினால் நாற்பது குடும்பம் தெருவில். எழுதாவிட்டால் அவள் குடும்பம். அங்கம்மாள் தாளில் ஒரே வரி எழுதினாள்.

"ஆபீசர் ஐயா, ஸ்ட்ரைக்னா இங்கிலீஷ்ல அடிக்கிறதுன்னும் அர்த்தம்னு சங்கத்துல சொன்னாங்க. நெசங்களா?"

"ஆமா, அதுவும் உண்டு."

"அப்ப இங்க ஸ்ட்ரைக் பண்ணினது ஒருத்தர்தாங்க. நாங்க கையைக் கட்டிக்கிட்டுச் சும்மாதான் நின்னோம்."

மேனேஜர் தாளைப் பிடுங்க எழுந்தார்.

"உட்காருங்க. அவ படிக்கட்டும்," என்றார் ஆபீசர்.

அங்கம்மாள் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தாள்:

"மேனேஜர் தேவராஜுலு."