வாளி இருந்த இடம்

"டீச்சரம்மா, அந்த ஓட்டையை அடைச்சிரவா?" என்று கேட்டார் கஸ்பார்.

எமிலியா வேலையிலிருந்து நிமிரவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி."

கொட்டகையின் தகரக் கூரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மழை அதன் வழியே இறங்கி, கீழே வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. நிரம்பினால் கஸ்பார் கொண்டுபோய்க் கொட்டுவார். திரும்ப அதே இடத்தில் வைப்பார். ஏணி இருந்தது, ஒட்டுப்போடத் தகரத் துண்டும் இருந்தது. ஆனாலும் வேண்டாமாம்.

"தேங்கா கீங்கா விழுந்திருக்கும். இன்னொண்ணு என் தலையில விழுந்தாத்தான் அடைப்பீங்களோ?"

எமிலியா ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போனாள்.

கஸ்பார் காது ஜவ்வு கிழியும்வரை சங்கு குளித்தவர். இனிக் கடலில் இறங்கினால் திரும்பி வரமாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் காற்று சிலிண்டர்களைச் சோதித்து நிரப்புவது எமிலியாவின் தொழில். முக்குளிப்பவனாக இருந்த அவள் கணவன் வில்பிரட் தொடங்கியது; அவன் செத்த பிறகு இவள் நடத்துகிறாள். தன் கடைசித் தங்கச்சி வயசுக்காரியிடம் வந்து தொழில் படிக்க கஸ்பார் வெட்கப்படவில்லை. ஆனால் அவள் கற்றுக்கொடுத்ததெல்லாம் பார்ப்பதுதான்.

வயரில் கட்டிய சின்ன பல்பை சிலிண்டருக்குள் இறக்கு, துரு இருக்கிறதா பார். வால்வு திருகி ஏறும் கழுத்து மரையை பிரஷ் போட்டுத் தேய், கண்ணாடி வைத்துப் பார். காற்று அடைக்க மட்டும் விடமாட்டாள்.

அன்றைக்குக் கஸ்பார் தன் மகனின் சிலிண்டரைக் கொண்டுவந்திருந்தார். மகன் கிளிட்டஸ் துறைமுகத்தில் முங்கி, கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறவன். வெளியே டெம்போவில் காத்திருந்தான்.

"பழைய வால்வு பிடிச்சுக்கிச்சு. வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருத்தன் புதுசு குடுத்தான், நானே மாட்டிட்டேன். என் மகன் சிலிண்டரு. இதுலயாவது நான் காத்து அடைக்கட்டுமா?"

"உள்ள பாத்தியளா?"

"பாத்தேன். துரு கிடையாது. சோதனை முத்திரையும் தேதி தாண்டல."

"வால்வு?"

"ஒரு கீறல் கிடையாது. ரெண்டும் நல்லதுதான். உங்களுக்கு எம்மேல நம்பிக்கை இல்ல, அதான் விசயம்."

"மாட்டயில எப்படி இருந்துச்சு?"

"வெண்ணெய் மாதிரி ஏறுச்சு. கடைசியில சிக்குன்னு உக்காந்துச்சு."

எமிலியா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"வாளியை எடுங்க."

எடுத்தார்.

"சிலிண்டரை அங்க வையுங்க."

வாளி இருந்த இடத்தில் சிமென்ட் தரை வட்டமாகக் குழிந்திருந்தது. தினமும் அதன்மேல்தான் வாளியை வைத்திருக்கிறார். சிலிண்டரின் அடி அந்தக் குழிக்குள் அளவெடுத்த மாதிரி இறங்கி நின்றது.

மழைத்துளி வால்வின் தலையில் விழுந்து தெறித்தது.

கஸ்பார் மேலே பார்த்தார்.

ஓட்டையின் ஓரங்கள் வெளிப்பக்கமாக, வானத்தைப் பார்த்து மடங்கியிருந்தன.

அவர் ஓட்டையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"வில்பிரட் தம்பி கடல்ல போயிட்டதாத்தானே சொன்னாங்க" என்றார்.

"முக்குளிக்கவன் செத்தா கடல்லன்னுதான் ஊரு நெனைக்கும்."

"அவரு எங்க நின்னாரு?"

"நீங்க நிக்க இடத்துலதான். குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாவ."

"சிலிண்டருல துரு இருந்துச்சா?"

"இல்ல."

"வால்வு பழசோ?"

"புதுசு." எமிலியா துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். "வெண்ணெய் மாதிரி ஏறுதுடின்னு சொல்லிச் சிரிச்சாவ."

கஸ்பார் வால்வைக் கழற்றத் தொடங்கினார். பாதி சுற்று கழன்றதுமே அது அவர் விரல்களுக்குள் ஆடியது, விழப்போகிற பல் மாதிரி. மாட்டும்போதும் ஆடியிருக்கும். வேகமாக ஏறுகிற சந்தோஷத்தில் கை அதைக் கவனிக்கவில்லை.

வால்வில் மரையின் அளவு மில்லிமீட்டரில் பொறித்திருந்தது. சிலிண்டரின் தோளில் அங்குலத்தில்; உள்ளே காற்று ஏறினால் ஒன்றையொன்று பிடித்து நிற்காது. இரண்டையும் அவர் காலையில் படித்திருந்தார். தனித்தனியாக.

வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னப்பா, அடைச்சாச்சா? கப்பல்லேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

கிளிட்டஸ் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தான். அப்பா எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, சிலிண்டரின் மேலே குனிந்தான்.

கஸ்பாரின் கை அவன் நெற்றியில் பட்டு, அவனைச் சுவர்வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது.

"அதுல காத்தே இல்லியேப்பா" என்றான் கிளிட்டஸ்.

கஸ்பார் கையை எடுக்கவில்லை.