கப்பி வைத்த வில்

மலையடிவாரத் தோட்டத்து முதலாளி சிங்காரம் புது வில் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டு பக்கமும் கிணற்றுக் கப்பி மாதிரிச் சக்கரம், நடுவில் குறிபார்க்கும் கருவி. தினமும் நடுப்புள்ளியில் அடித்துவிட்டு, "எல்லாம் நம்ம கைத்திறமை! வில்லு வெறும் கட்டை" என்பார். வேலையாட்கள் கைதட்டுவார்கள்.

அங்கே மிளகு பறிக்கும் மாசாணிக்கு மாவட்ட வில்வித்தைப் போட்டிக்குப் போக ஆசை. ஆனால் அவளுடைய மூங்கில் வேட்டை வில் அங்கே செல்லாது. "ஐயா, உங்க வில்லை எனக்குத் தாங்களேன்" என்று கேட்டேவிட்டாள்.

"மூங்கில் வில்லால என்னை ஜெயிச்சுட்டு எடுத்துக்கோ!" என்று சிரித்தார் அவர்.

"ஜெயிக்கிறது கிடக்கட்டுங்கய்யா. கைத்திறமைதான்னா இந்த மூங்கில்லயே நீங்க நடுப்புள்ளி அடிப்பீங்க, புதுசு உங்களுக்கு எதுக்கு? முடியாதுன்னா, இத்தனை நாளும் நாங்க யாருக்குக் கைதட்டினோம்?"

வேலையாட்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி மூங்கில் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தார். நாண் அசைந்து கொடுக்கவில்லை.

"எனக்கெதுக்கு இந்தக் கட்டை? நீயே வச்சுக்கோ!" என்று புது வில்லை நீட்டினார்.

மாசாணி நகரவில்லை. "அம்புங்கய்யா? அரைமனசாக் கொடுத்தாருன்னு ஊரு உங்களைப் பேசிடக் கூடாதில்ல?"

அம்புக்கூடும் வந்தது. மறுநாள் மாவட்டத்துக்குப் போன பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு அந்த வில்லுக்குத்தான். மாசாணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.