பிரியாத தையல்

நாகர்கோவில் பக்கம் டாக்டர் தேவசகாயத்தைத் தெரியாதவர்கள் குறைவு. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு, முகாம் முகாமாகப் போய்த் தைத்துக் கொடுத்தவர். அவரே தன்னைவிடப் பதிமூன்று வயது இளையவரான டாக்டர் நிலோஃபரிடம் வந்து, மூன்று மாதம் கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

முதல் வாரமே கேட்டும்விட்டார்.

"மேடம், அண்ணத்து எலும்பு மேல இருக்கிற சதையை நீங்க கொஞ்சமாத்தான் பெயர்க்கிறீங்க. நான் தாராளமாப் பெயர்த்து இழுத்துத் தைப்பேன். ஒரு தையல்கூடப் பிரிஞ்சதில்ல. என் முறையில என்ன குறை?"

"வியாழக்கிழமை ஓ.பி.க்கு வாங்க சார்" என்றார் நிலோஃபர்.

வியாழக்கிழமை ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தேவசகாயத்தைக் கண்டதும் தாய் எழுந்து கும்பிட்டாள்.

"ஐயா! எங்க மாரிக்கனிக்கு ஒரு வயசுல நீங்கதான் தச்சுவிட்டீங்க. இப்பப் பதினேழு ஆயிட்டு."

அவருக்கு மனம் குளிர்ந்தது. மகள் நிமிர்ந்து பார்க்கும்வரைதான். மூக்குக்கு இரு புறமும் கன்னம் தட்டையாக உள்ளே போயிருந்தது. கீழ்வரிசைப் பல் மேல்வரிசையை மறைத்துக்கொண்டு நின்றது.

"வாயைத் திறம்மா" என்ற நிலோஃபர், டார்ச்சை அவர் கையில் கொடுத்தார்.

அண்ணத்தில் ஒரு துளைகூட இல்லை. கயிறுபோல இறுகிய வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. அதன் இரு பக்கமும் பற்கள் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"எனக்குக் கீழ்த்தாடை முன்னால வந்துட்டுதா டாக்டர்?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"இல்லம்மா. மேல்தாடை வளராம பின்தங்கிட்டு."

"ஏன்?"

நிலோஃபர் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார். அந்தப் பெண்ணும் அவரைப் பார்த்தாள்.

"நான் சதையை நிறையப் பெயர்த்துத் தச்ச இடம் தழும்பாகி இறுகிட்டு தாயி. அது எலும்பை வளர விடல."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியாதா?"

"தெரியாது. எட்டாம் நாள் உங்களை வீட்டுக்கு அனுப்பினேன். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் பார்க்கேன்."

தாய் கும்பிட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். வளர்ச்சி நின்ற பிறகு மேல்தாடையை முன்னால் நகர்த்த ஆபரேஷன் உண்டு என்று நிலோஃபர் பொறுமையாக விளக்கி, இருவரையும் எக்ஸ்ரேக்கு அனுப்பினார்.

கதவு சாத்தியதும் தேவசகாயம் டார்ச்சை மேசையில் வைத்தார்.

"இனி நான் அண்ணத்தைத் தொடமாட்டேன் மேடம்."

"அவ பேசினது புரிஞ்சதா சார்?"

"ஒரு சொல் விடாம."

"அந்தத் தெளிவும் நீங்க தச்ச அண்ணத்தாலதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மாசக் குழந்தை ஒண்ணு இருக்கு" என்றார் நிலோஃபர். "நீங்க செய்ங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

மேசையிலிருந்த டார்ச்சை மறுபடி எடுத்தபடி அவர் கேட்டார்: "சரியாச் செஞ்சேனான்னு எப்பத் தெரியும்?"

"வருஷா வருஷம் வரச்சொல்லிப் பாருங்க. பதினெட்டு வயசுல தெரியும்."

அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்.

"எனக்கு அப்ப எழுபத்திரண்டு ஆயிருக்குமே!"

நிலோஃபர் அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்தார்.

"உடம்பைப் பார்த்துக்குங்க சார்."